மஞ்சள் கல் நாட்டுக்கு ஒரு பயணத் திட்டம்

ரொறன்ரோவில் வசிக்கும் என் அக்காவின் மகன் சென்ற மாதம் ஓர் அட்டவணையை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். அடுத்த கோடையில் நான் அங்கு போகும்போது குடும்பமாக யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவுக்குத் தரைவழியே சென்றுவருவதென்று தீர்மானம். பதினான்கு நாட்கள். வாகனத்தில் ஏழு பேர்: அக்கா, அத்தான், அவன், அவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். எந்த நாளில் எங்கிருந்து புறப்படுவது, எத்தனை கிலோமீற்றர் ஓடுவது, எங்கே பெற்றோல் நிரப்புவது, எங்கே இரவு தங்குவது என்பனவெல்லாம் கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருந்தன. கடைசி நிரலுக்கு மாத்திரம் 'பார்க்கவேண்டியவை' என்று தலைப்பிட்டு வெறுமையாக விட்டிருந்தான். "மாமா, உதை நீங்கள் நிரப்புங்கோ" என்று கீழே ஒரு வரி.

அந்த நிரலை நிரப்ப உட்கார்ந்ததன் விளைவே இந்தக் கட்டுரை. நிரப்பி முடித்தபோது அவனுடைய அட்டவணையின் கடைசி ஐந்து நாட்கள் முற்றாக மாறிப்போயிருந்தன. ஏன் மாறின என்பதை அவனுக்கு எழுதிய விளக்கத்தையே சற்று விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் வழி. ரொறன்ரோவிலிருந்து பூங்காவின் கிழக்கு வாயிலுக்கு ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர். சார்னியாவில் எல்லையைக் கடந்து, மிச்சிகன் மாநிலத்தினூடாகச் சிக்காகோ. அங்கிருந்து 90ஆம் இலக்க நெடுஞ்சாலையில் விஸ்கொன்சின், மினசோட்டா, தென் டகோட்டா என்று மேற்கு நோக்கிய ஓட்டம். வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற சிறு நகரைத் தாண்டியதும் சாலை மலைக்குள் நுழைகிறது. பூங்காவுக்குள் எட்டு வடிவத்தில் ஒரு சுற்றுச்சாலை உண்டு. நீளம் 229 கிலோமீற்றர். கேட்பதற்குச் சிறிய தூரம். ஆனால் வேக எல்லை மணிக்கு 72 கிலோமீற்றர். அத்துடன் காட்டெருமைக் கூட்டம் ஒன்று சாலையின் நடுவே நின்றுவிட்டால் அது நகரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்று மருமகன் போட்டிருந்த கணக்கை நான் மூன்று நாட்களாக்கினேன்.

காலமும் முக்கியம். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை, வடக்கே கார்டினர் என்ற ஊரிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் ஒரு சாலையைத் தவிர மற்றெல்லாச் சாலைகளும் பனியால் மூடப்பட்டிருக்கும். யூலையிலும் ஓகஸ்டிலும் சனநெரிசல். உள்ளே இருக்கும் விடுதிகளில் அறை வேண்டுமெனில் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யவேண்டும். கைத்தொலைபேசிச் சமிக்ஞை பெரும்பாலான இடங்களில் கிடையாது. ஆகவே காகித வரைபடம் ஒன்று கட்டாயம் என்று எழுதினேன். பிள்ளைகளுக்கு அது ஒரு புதுமையாக இருக்கும்.

இனி, போகும் இடத்தைப் பற்றி. யெலோஸ்ரோன் ஓர் எரிமலை. ஆனால் கூம்பு வடிவில் புகைவிடும் மலையொன்றைத் தேடிப் போகிறவர் ஏமாந்து திரும்புவார். ஏறத்தாழ 21 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முறை, 13 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முறை, 6 இலட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முறை என மூன்று பெரும் வெடிப்புகள் அங்கு நிகழ்ந்தன. கடைசி வெடிப்பில் நிலத்தடிக் குழம்பு வெளியேறியதும் மேலிருந்த தரை உள்ளே சரிந்து, ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளமும் 45 கிலோமீற்றர் அகலமும் கொண்ட பெரும் பள்ளமாயிற்று. பிற்பட்ட எரிமலைக்குழம்பு ஓட்டங்களும் பனிப்பாறைகளும் காடும் அப்பள்ளத்தைப் பெரிதும் நிரப்பிவிட்டன. சுற்றுச்சாலையின் தென்பகுதி எரிமலையின் வாய்க்குள்ளேதான் ஓடுகிறது.

எங்கள் நாட்டில் வெந்நீர் என்றால் திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகள்தாம் நினைவுக்கு வரும். கையை நனைக்கலாம், குளிக்கலாம். யெலோஸ்ரோனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெந்நீரூற்றுகளும் நீராவித் துளைகளும் கொதிசேற்றுக் குழிகளும் இருக்கின்றன. அவற்றுள் ஐந்நூறுக்கு மேற்பட்டவை நீரை ஆகாயத்துக்கு எறிபவை. மழைநீரும் பனிநீரும் நிலத்துள் ஆழ இறங்கி, சூடான பாறையைத் தொட்டு, மேலுள்ள நீரின் அழுத்தத்தினால் கொதிநிலையைக் கடந்தும் கொதிக்காமல் நிற்கும். ஒடுங்கிய குழாய்வழியே மேலேறும்போது அழுத்தம் குறைய, ஒரே கணத்தில் ஆவியாகிப் பீறிடும். 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்ற ஊற்று ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவ்வாறு பீறிடுகிறது. அடுத்த தடவை எப்போது என்பதைக் கணித்து அருகில் எழுதியும் வைக்கிறார்கள்.

அந்த ஊற்றுகளின் ஓரங்களில் காணப்படும் மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் பெரும்பங்கு நுண்ணுயிர்களால் உண்டானது. 1966இல் தோமஸ் புறொக் என்ற ஆய்வாளர் அங்கு சேகரித்த ஒரு பக்டீரியாவிலிருந்து, சூட்டில் கெடாத நொதியம் ஒன்று பின்னர் பிரித்தெடுக்கப்பட்டது. மரபணுவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் முறை அந்த நொதியத்தினாலேயே நடைமுறைக்கு எளிதாயிற்று. 2020இல் கொரோனாத் தொற்றுக்காக நம்மில் பலர் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுக்கொண்டு காத்திருந்த சோதனை அந்த வகையைச் சேர்ந்ததே.

பெரும் வெடிப்பு மீண்டும் வருமா என்று மருமகனின் மனைவி கேட்டிருந்தாள். அதற்கான அறிகுறி எதுவும் இல்லையென்றே கண்காணிக்கும் அறிவியலாளர் சொல்கின்றனர். அஞ்சவேண்டியது சிறியவற்றுக்கு. 2024 யூலை 23ஆம் திகதி பிஸ்கட் பேசின் என்ற இடத்தில் நிலத்தடி வெந்நீர் வெடித்துப் பாறைத் துண்டுகள் பறந்தன. நடைபாதையில் நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். எவருக்கும் காயமில்லை. ஊற்றுகளைச் சுற்றியுள்ள தரை பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் பல இடங்களில் அப்பத்தின் ஓரம்போல மெல்லியது. மரப்பலகை நடைபாதையிலிருந்து கீழே கால் வைக்கக்கூடாது. அப்பூங்காவின் வரலாற்றில் கரடியால் இறந்தவர்களைவிடக் கொதிநீரில் விழுந்து இறந்தவர்களே அதிகம். கரடி, ஓநாய் ஆகியவற்றிலிருந்து 91 மீற்றரும், காட்டெருமையிலிருந்து 23 மீற்றரும் விலகி நிற்கவேண்டும் என்பது சட்டம். பசுமாடுபோலச் சாதுவாக மேய்ந்துகொண்டிருக்கும் காட்டெருமைதான் அங்கு வேறெந்த விலங்கைவிடவும் கூடுதலான மனிதரைக் காயப்படுத்துகிறது. இதைச் சிவப்பு எழுத்தில் எழுதி, சின்னவனுக்கு வாசித்துக் காட்டும்படி குறிப்பிட்டேன்.

இவ்வளவையும் எழுதிய பின்பு பூங்காவின் வடக்கு வாயிலுக்கு வந்தேன். அங்கே 1903இல் ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் அடிக்கல் வைத்த ஒரு கல் வளைவு நிற்கிறது. பூங்காவை உருவாக்கிய சட்டத்திலிருந்து எடுத்த ஒரு தொடர் அதன் நெற்றியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. மக்களின் நன்மைக்கும் இன்பத்துக்கும் என்பது அதன் பொருள். எந்த மக்கள் என்ற கேள்வி அங்கேதான் எனக்கு எழுந்தது.

யெலோஸ்ரோன் என்ற பெயரே அம்மண்ணின் பழைய குடிகளிடமிருந்து வந்தது. ஹிடாட்சா மக்கள் தங்கள் மொழியில் மஞ்சள் கல் ஆறு என்று அழைத்ததைப் பிரெஞ்சு வணிகர்கள் மொழிபெயர்க்க, அது ஆங்கிலத்துக்குப் போயிற்று. பூங்காவின் வடபகுதியில் கறுப்புக் கண்ணாடி போன்ற எரிமலைக் கல்லாலான ஒரு குன்று இருக்கிறது. பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் அங்கு கல்லெடுத்து அம்புமுனை செய்திருக்கிறார்கள். அந்தக் கல் கிழக்கே 2,000 கிலோமீற்றருக்கு அப்பால், ஒஹாயோவின் பழைய புதைமேடுகளிலும் கிடைத்திருக்கிறது. சொசோனி இனத்தின் ஒரு பிரிவினரான ருக்குடிக்கா மக்கள் அம்மலைகளிலேயே வாழ்ந்தவர்கள். மலைச்செம்மறியின் கொம்பை வெந்நீரூற்றில் இளக்கி வில் செய்தவர்கள். இன்று பூங்கா நிர்வாகமே 27 பழங்குடி இனங்கள் அந்நிலத்தோடு தொடர்புடையன என்று ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் 1870இல் வொஷ்பேர்ன் என்பவரின் தலைமையில் சென்ற குழுவும், 1871இல் அரசாங்கம் அனுப்பிய ஹெய்டனின் அளவைக் குழுவும் திரும்பிவந்து தந்த சித்திரத்தில் அதிசயங்களே முன்னின்றன. மனிதரைக் காண்பது அரிது. ஹெய்டனோடு சென்ற ஜக்சனின் புகைப்படங்களும் மொரானின் ஓவியங்களும் வொஷிங்ரனை மயக்கின. வடக்குப் பசுபிக் ரயில் கம்பனிக்கு அங்கே பயணிகள் வரவேண்டும் என்ற கணக்கு இருந்தது. உயரமான, குளிரான அந்த நிலம் பயிர்ச்செய்கைக்கு உதவாது என்று ஹெய்டன் உறுதிகூறினார். ஆகவே எதிர்ப்புக் குறைவு. 1872 மார்ச் முதலாம் திகதி ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட் ஒப்பமிட்டார். ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீற்றர். உலகின் முதலாவது தேசியப் பூங்கா என்று பொதுவாகக் கொள்ளப்படுவது இதுவே. அங்கு குடியேறுவோர் அத்துமீறியோராகக் கருதப்பட்டு அகற்றப்படுவர் என்றும் அச்சட்டம் சொன்னது.

வேட்டையை அது தடுக்கவில்லை. வீணான அழிவு கூடாது என்பதற்கு மேல் எதுவும் இல்லை. தோலுக்காகச் சுடுவோர் 1870களில் எல்க் மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். 1883இல்தான் வேட்டை தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பே ருக்குடிக்கா மக்கள் மலையிலிருந்து இறக்கப்பட்டு, வெளியே ஒதுக்கப்பட்ட பிரதேசங்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். இரண்டாவது அத்தியட்சகரான நொறிஸ், 1880இல் சுற்றுவட்டாரப் பழங்குடியினரிடம் சென்று, பூங்காவுக்குள் வருவதில்லை என்ற வாக்குறுதிகளைப் பெற்றுவந்தார். கொதிநீர் ஊற்றுகளுக்கு அஞ்சிப் பழங்குடியினர் அப்பக்கம் வருவதேயில்லை என்ற கதையும் அக்காலத்தில் நன்றாகப் பரப்பப்பட்டது. பயணிகளுக்கு அச்சம் நீங்கவேண்டுமல்லவா?

'ஆளில்லா நிலம்' என்ற சொல்லை என்னால் எளிதில் கடந்துபோக முடிவதில்லை. வலிகாமம் வடக்கில் எங்கள் ஊரிலிருந்து 1990இல் எல்லோரும் வெளியேறினோம். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஊரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தேன். வீடு நின்ற இடத்தில் பற்றைக்காடு. கூரை இருந்த உயரத்துக்கு மரங்கள். மயில்களும் நரிகளும் திரிந்தன. கிணற்றுக்கட்டு ஒன்றுதான் இது எங்கள் வளவு என்று எனக்குச் சொன்னது. அதுவும் இல்லாதிருந்தால், இங்கே என்றும் காடுதான் இருந்தது என்று யாரும் சொல்லியிருக்கலாம். நானே நம்பியிருக்கவும் கூடும்.

பூங்காவுக்கு ஐந்து வயதானபோது அந்தக் கட்டுக்கதையின் நடுவே ஒரு மக்கள்கூட்டம் நடந்து வந்தது. அவர்களை நெஸ் பேர்ஸ் என்று உலகம் அழைக்கிறது. தங்களை நிமீபூ என்று அவர்கள் அழைத்துக்கொள்கிறார்கள். இன்றைய ஒரிகன், ஐடஹோ, வொஷிங்ரன் மாநிலங்கள் சந்திக்கும் நாட்டுக்குரியவர்கள். 1855இல் அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்து, தங்கள் நிலத்தின் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொண்டவர்கள். 1860இல் அங்கே தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1863இல் புதிய ஒப்பந்தம். எஞ்சிய நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கு அதனால் பறிபோயிற்று. வல்லோவா பள்ளத்தாக்கில் வாழ்ந்த பிரிவின் தலைவர் அதில் கையொப்பமிட மறுத்தார். 1871இல் அவர் இறந்த பின்பு மகன் ஜோசப் தலைமையேற்றார்.

இங்கேதான் என்னை நிறுத்திவைத்த ஒரு செய்தி வருகிறது. யெலோஸ்ரோனைப் பூங்காவாக்கிய அதே ஜனாதிபதி கிராண்ட், மறு ஆண்டே, 1873இல், வல்லோவாவின் ஒரு பகுதியை அந்த மக்களுக்கென ஒதுக்கி ஆணையிட்டார். குடியேறிய வெள்ளையர் எதிர்த்தனர். 1875இல் அவரே அந்த ஆணையை ரத்துச் செய்தார். ஒரு நிலத்தை எவரும் குடியேறாமல் காப்பதற்கு அவர் இட்ட ஒப்பம் 150 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நிற்கிறது. இன்னொரு நிலத்தை அங்கேயே பிறந்தவர்களுக்குக் காப்பதற்கு இட்ட ஒப்பம் இரண்டு ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

1877 மே மாதத்தில் ஜெனரல் ஹவார்ட் முப்பது நாள் அவகாசம் கொடுத்தார். ஒதுக்கப்பட்ட பிரதேசத்துக்குப் போய்ச் சேரவேண்டும். பெருக்கெடுத்த ஆற்றை மந்தைகளோடு கடந்தார்கள். அந்தக் கசப்பில், உறவினரைப் பறிகொடுத்த சில இளைஞர்கள் வெள்ளைக் குடியேற்றவாசிகளைத் தாக்கிக் கொன்றார்கள். போர் மூண்டது. ஏறத்தாழ 800 பேர், பெண்கள், முதியோர், குழந்தைகள் உட்பட, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளோடு கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கினர். ஓகஸ்ட் 9ஆம் திகதி விடிகாலை பிக் ஹோல் என்ற இடத்தில் உறங்கிக்கொண்டிருந்த கூடாரங்கள்மீது படையினர் சுட்டனர். இறந்தவர்களில் பலர் பெண்களும் குழந்தைகளும்.

ஓகஸ்ட் 23ஆம் திகதி அவர்கள் மேற்கிலிருந்து யெலோஸ்ரோன் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். அப்போது அங்கே உல்லாசப் பயணிகளும் இருந்தார்கள். மொன்ரானாவின் றேடர்ஸ்பேர்க்கிலிருந்து வந்த குழுவொன்றில் ஜோர்ஜ் கோவன், மனைவி எமா, எமாவின் தமையன் பிராங்க், பதின்மூன்று வயதுத் தங்கை ஐடா ஆகியோர் இருந்தனர். அவர்கள் பிடிபட்டது 24ஆம் திகதி. கோவன் தம்பதியரின் இரண்டாவது திருமண நிறைவு நாள் அது. தலைவர்கள் அவர்களை விடுவித்த பின்பும், பிக் ஹோலில் உறவுகளை இழந்த இளைஞர் சிலர் திரும்பிவந்து தாக்கினர். கோவன் தலையில் சுடப்பட்டார். இறந்துவிட்டார் என்று விட்டுச் செல்லப்பட்ட அவர், நாட்கணக்காகத் தவழ்ந்து சென்று உயிர் தப்பினார். எமாவும் தமையனும் தங்கையும் தீங்கின்றி, குதிரைகள் கொடுத்து அனுப்பப்பட்டார்கள். தலைவர்கள் தங்களை மதிப்போடு நடத்தியதை எமா பின்னாளில் எழுதிவைத்தார். வேறு இரண்டு பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதையும் மறைப்பதற்கில்லை. இரண்டு வாரமளவில் ஆற்றையும் மலைகளையும் கடந்து, கிழக்கே எவரும் எதிர்பாராத ஒரு பள்ளத்தாக்கு வழியாக, துரத்திவந்த படைகளை ஏமாற்றி வெளியேறினார்கள். ஊற்றுகளைக் கண்டு அவர்கள் அஞ்சியதாக இல்லை. வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காட்டெருமை நாட்டுக்குப் போய்வந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் ஏறிச்சென்ற நீரோடை இன்று நெஸ் பேர்ஸ் ஓடை என்று வரைபடத்தில் இருக்கிறது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் ஊற்றிலிருந்து வடக்கே சிறிது நேர ஓட்டம். மருமகனின் அட்டவணைப்படி மூன்றாம் நாள் மதியம் அவன் அதைத் தாண்டிப் போகவேண்டும். அவன் அங்கே நிறுத்த எண்ணியிருக்கவில்லை.

பூங்காவின் பெருமைகளை நான் மறுக்கவில்லை. அது இல்லாதிருந்தால் காட்டெருமை இன்று இருந்திருக்குமா என்பது ஐயம். ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த அவ்விலங்கு, 1902இல் பூங்காவுக்குள் இருபத்தைந்துக்கும் குறையாது எஞ்சியதா என்பதே சந்தேகமாகும் அளவுக்கு அருகிவிட்டது. 1886முதல் 1918வரை பூங்காவைக் காவல் செய்தது இராணுவமே. 1894இல் ஒரு திருட்டு வேட்டைக்காரன் கையும் களவுமாகப் பிடிபட்டபோது அவனைத் தண்டிக்கச் சட்டமில்லை என்று தெரியவந்தது. அவ்வாண்டே சட்டம் இயற்றப்பட்டது. இன்று அங்கு சில ஆயிரம் காட்டெருமைகள் மேய்கின்றன. ஓநாய்களின் கதை வேறு. பூங்கா ஊழியரே அவற்றைக் கொன்று தீர்த்தனர். 1926அளவில் ஒன்றும் எஞ்சவில்லை. 1995இல் கனடாவின் அல்பேர்ட்டாவிலிருந்து 14, மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 17 என்று கொண்டுவந்து விட்டார்கள். விடிகாலையில் லமார் பள்ளத்தாக்கில் தொலைநோக்கியோடு காத்திருந்தால் அவற்றின் வழித்தோன்றல்களைக் காணலாம். தவறைத் திருத்திக்கொள்ள ஓர் அரசால் இயலும் என்பதற்கு நல்ல சான்று. விலங்குக்குச் செய்ததை மனிதருக்குச் செய்ய ஏன் நெடுங்காலம் ஆயிற்று என்ற கேள்வியும் அதனோடு வருகிறது.

பூங்காவை விட்டு வெளியேறிய நெஸ் பேர்ஸ் மக்கள் தங்கள் நண்பர்களான குறோ இனத்தாரிடம் அடைக்கலம் கிடைக்கும் என்று நம்பியிருந்தார்கள். அது கிடைக்கவில்லை. எஞ்சியது ஒரே வழி. வடக்கே கனடா. லிட்டில் பிக்ஹோர்ன் போருக்குப் பின்பு சிற்றிங் புல் ஏற்கெனவே அங்கு போயிருந்தார். எல்லைக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர் இருக்கும்போது, களைத்துப்போன முதியோருக்காகவும் காயப்பட்டோருக்காகவும் பெயார் போ மலையடிவாரத்தில் தங்கினர். ஹவார்ட் பின்னால் வெகுதூரத்தில் இருந்தார். ஆனால் வேறு திசையிலிருந்து கேணல் மைல்ஸின் படை வந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. செப்டெம்பர் 30ஆம் திகதி தாக்குதல். ஐந்து நாள் முற்றுகை, பனி. ஒக்டோபர் 5ஆம் திகதி ஜோசப் சரணடைந்தார். ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் நடந்த பின்பு.

சொந்த நாட்டுக்கு அனுப்பிவைப்பதாக மைல்ஸ் வாக்களித்திருந்தார். அது நிறைவேறவில்லை. சரணடைந்த நானூறுக்கு மேற்பட்டோர் கன்சாசுக்கும், பின்னர் இன்றைய ஒக்லஹோமாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். வெப்பத்திலும் காய்ச்சலிலும் பலர் மாண்டனர், குழந்தைகள் அதிகம். 1885இல் எஞ்சியோர் வடமேற்குக்குத் திரும்ப அனுமதிக்கப்பட்டாலும் ஜோசப்புக்கு வல்லோவா கிடைக்கவில்லை. 1904இல் வொஷிங்ரன் மாநிலத்தின் கொல்வில் ஒதுக்குப் பிரதேசத்தில் அவர் காலமானார்.

சரணடைவுக்கு முன்பும், அந்த இரவிலும், வைற் பேர்ட் என்ற தலைவர் உட்பட நூற்றுக்கணக்கானோர் இருளில் நழுவி எல்லையைக் கடந்து கனடாவைச் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

மருமகனின் அட்டவணையில் போன வழியே திரும்பிவருவதாக இருந்தது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: பூங்காவின் வடக்கு வாயிலால் வெளியேறி மொன்ரானாவினூடாக வடக்கே சினூக் என்ற சிறு நகர். அதற்குத் தெற்கே 25 கிலோமீற்றரில் பெயார் போ போர்க்களம். அங்கு ஒரு மணித்தியாலம். பின்னர் எல்லையைக் கடந்து சஸ்காச்சுவான், அங்கிருந்து கனடாவின் முதலாம் இலக்க நெடுஞ்சாலையில் வின்னிபெக், தண்டர் பே வழியாக வீடு.

"புல்வெளியைப் பார்க்க இவ்வளவு தூரமோ மாமா?" என்று கேட்டான். புல்வெளிதான், பெரிதாக ஒன்றுமில்லை என்றேன். அந்தப் புல்வெளியிலிருந்து கனடா எல்லை எவ்வளவு தூரம் என்று அப்பாவிடம் சொல்லிப்பார் என்றேன்.

அத்தான் 1988 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து கனடாவுக்குள் புகலிடம் கேட்டு நுழைந்தவர். அக்காவும் கைக்குழந்தையாயிருந்த இவனும் மூன்று ஆண்டுகள் கழித்தே போய்ச் சேர்ந்தார்கள். பஃபலோவில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் பதினொரு நாட்கள் படுத்திருந்ததையும், பாலத்துக்கு அப்பால் தெரிந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்ததையும் எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை. நெஸ் பேர்ஸ் மக்களின் துயரமும் எங்களுடையதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் வரலாறு அவரவருக்கு. ஆனால் எல்லை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நின்றுபோனவர்கள் என்றால் என்னவென்பது அத்தானுக்கு விளங்கும்.

இன்னும் சிலவற்றையும் அந்த நிரலில் சேர்த்தேன். பூங்காவில் டோன் என்ற அதிகாரியின் பெயரைத் தாங்கிய சிகரமொன்று இருந்தது. 1870 சனவரியில் 173 பிளக்ஃபீற் மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், கொல்லப்பட்ட படுகொலையில் பங்கேற்றவர் அவர். பூங்காவின் 150ஆவது ஆண்டான 2022இல் அச்சிகரத்துக்கு முதற்குடிகளின் மலை என்ற பொருளில் புதிய பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு யூன் மாதம் பெருவெள்ளத்தில் வடக்குச் சாலை அள்ளுண்டு போக, பூங்காவே மூடப்பட்டதும் நினைவுக்கு வருகிறது. குளிர்காலத்தில் பூங்காவை விட்டு வெளியேறும் காட்டெருமைகளை, 1855 ஒப்பந்தம் தந்த உரிமையின்படி, நெஸ் பேர்ஸ் மக்கள் 2000களின் நடுப்பகுதியிலிருந்து மீண்டும் வேட்டையாடி வருகிறார்கள். 2021இல், விலைக்கு வாங்கிய 148 ஏக்கர் வல்லோவா நிலத்துக்குள் குதிரைகளில் ஊர்வலமாகத் திரும்பி வந்தார்கள். தங்கள் பாட்டனாரின் நிலத்தை விலை கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. ஆயினும் வந்தார்கள்.

நேற்று மருமகனின் பதில் வந்தது. புதிய அட்டவணை. பதினான்கு நாள் பதினாறாகியிருக்கிறது. நெஸ் பேர்ஸ் ஓடையில் அரை மணித்தியாலம், பெயார் போவில் இரண்டு மணித்தியாலம். அதை ஒன்றிலிருந்து இரண்டாக்கியவர் அத்தானாம். அப்பகுதியின் சிறிய எல்லைச் சாவடிகள் இரவில் மூடப்படும் என்பதைக் கண்டுபிடித்து, மதியத்துக்குள் போர்க்களத்திலிருந்து புறப்படவேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறான். அதன் கீழே எனக்கு ஒரு நினைவூட்டல்: இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இரண்டு நாட்டு விசாவும் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கடைசி 65 கிலோமீற்றரை மாமா எங்களோடு வரமுடியாது.

விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.